கோடிட்ட இடங்களை நிரப்பாதீர்கள்

சென்ற மாதம் சென்னையில் நடந்த ஒரு நூல் விமர்சனக் கூட்டத்தில், நான் பெரிதும் மதிக்கும் எழுத்தாளர் ஒருவர் பேசினார். பேசப்பட்ட நாவலின் நாயகி 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையில் இருப்பவள். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்ற பலகை தெருவுக்குத் தெரு தொங்கிய காலம் அது. அது ஒரு வேலையே அல்ல என்றார் எழுத்தாளர். வெள்ளைக்காரனின் இருமலைத் தட்டச்சு செய்கிற கூலி. அதில் சிந்தனைக்கோ மொழிக்கோ இடமில்லை. அப்படிப்பட்டவளுக்கு இத்தனை ஆழமான அகவாழ்வு இருப்பதாக எழுதியது நம்பும்படியாக இல்லை என்பது அவருடைய தீர்ப்பு. சபை சிரித்தது. அந்த வேலையை 2001 முதல் 2007 வரை ஆறு வருடங்கள் செய்திராவிட்டால் நானும் சிரித்திருப்பேன்.

அவர் சொன்னதில் பாதிக்கு எனக்கு மறுப்பில்லை. இரவு வேலை உடம்பைக் கெடுத்தது. காதில் இன்றும் ஒரு ரீங்காரம் மிச்சமிருக்கிறது. தாவரவியல் படித்துவிட்டு வந்த நானும், விலங்கியல் படித்துவிட்டு வந்த பக்கத்து இருக்கைக்காரியும் எங்கள் படிப்பை எங்கோ தொலைத்தோம். கூலி என்றால் கூலிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதில் மொழிக்கு இடமில்லை என்று ஓர் இலக்கியவாதி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அறையில் நடந்தது முழுக்க முழுக்க மொழியின் வேலை. அதைவிட முக்கியமாக, வாசிப்பின் அறம் சார்ந்த வேலை. அந்த அறத்தைத்தான் அன்று சம்பள வெட்டால் ஒடுக்கினார்கள், இன்று இயந்திரத்தால் ஒழிக்கப் பார்க்கிறார்கள். என் சண்டை அவர்களோடு. எழுத்தாளர் நடுவில் வந்து மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சற்றே சொல்கிறேன். ஒஹையோவிலோ ஜார்ஜியாவிலோ ஒரு மருத்துவர், நோயாளியைப் பார்த்து முடித்தபின் தொலைபேசியிலோ கைக்கருவியிலோ தன் குறிப்பைச் சொல்லிப் பதிவு செய்வார். அப்படிப் பேசும்போது சிலர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், சிலர் காரோட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் கொட்டாவி விடுவார். அமெரிக்க மருத்துவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் என்பதால், நாங்கள் கேட்ட வெள்ளைக்காரனின் இருமலில் கணிசமான பங்கு குண்டூர் இருமலாகவும் மணிலா இருமலாகவும் இருந்தது. தெலுங்கு மருத்துவர் அமெரிக்கர்களுக்காக வளைத்துப் பேசும் ஆங்கிலத்தை, தமிழ்ப் பெண் மயிலாப்பூரில் உட்கார்ந்து நிமிர்த்துவாள். ஹெட்போன், காலடியில் பதிவை ஓட்டவும் பின்னால் தள்ளவும் ஒரு பெடல், மேசையில் டோர்லாண்ட் அகராதி. அறுபத்தைந்து எழுத்து ஒரு வரி. வரிக்குக் காசு.

இந்த வேலையில் கடினம் எது என்று கேட்டால் எல்லோரும் நீளமான லத்தீன் சொற்களைச் சொல்வார்கள். இல்லை. நீளமான சொல் சாதுவானது. அதன் பாதி கேட்டாலே மீதியை அகராதி காட்டிக்கொடுத்துவிடும். ஆபத்தானவை இரட்டைப் பிறவிகள்தாம். சிறுகுடலின் கடைப்பகுதியும் இலியம், இடுப்பெலும்பின் மேற்பகுதியும் இலியம். உச்சரிப்பு ஒன்றே, ஆங்கிலத்தில் நடுவே ஓர் எழுத்து மட்டும் மாறும். இங்கே சந்தர்ப்பம் காப்பாற்றும். அடைப்பு என்றால் குடல், முறிவு என்றால் எலும்பு. ஆனால் டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்க முடியாமை, டிஸ்ஃபேஸியா என்றால் பேச்சுத்திறன் குலைதல். அமெரிக்க வாயில் இரண்டுக்கும் இடையே ஒரு மூச்சளவுதான் வித்தியாசம். பக்கவாதம் வந்தவருக்கு இரண்டுமே வரக்கூடும். எங்கே உதவி அதிகம் தேவையோ அங்கேதான் சந்தர்ப்பம் கைவிரிக்கும். ஒருவருக்கு எழுத்தில் வந்து சேரவேண்டிய எச்சரிக்கை, வாயில் உணவை ஊட்டாதே என்பதா, அவர் சொல்வது உனக்குப் புரியாமல் போகலாம் என்பதா? தவறாக எழுதினால் யாராவது அவருக்குக் கஞ்சி புகட்டுவார்கள், அது நுரையீரலுக்குள் போகும்.

இன்னொன்று, தமிழ் படித்தவர்கள் ரசிக்கக்கூடியது. ஏஃபெப்ரைல் என்று சேர்த்து எழுதினால் காய்ச்சல் இல்லாதவர். ஏ என்பதைப் பிரித்து ஒற்றை எழுத்தாக நிறுத்தினால் காய்ச்சல் உள்ள ஒருவர். காதுக்கு இரண்டும் ஒன்று. ஓர் இடைவெளி பொருளைத் தலைகீழாக்குகிறது. பதம் பிரிப்பதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடும் நம் புலவர்கள் அந்த அறைக்கு ஒருநாள் வந்திருந்தால் தங்கள் இனத்தாரைக் கண்டுகொண்டிருப்பார்கள். மூட்டை உடலிலிருந்து விலக்குவது அப்டக்ஷன், உடலை நோக்கி இழுப்பது அடக்ஷன். இதற்காகப் பொறுப்புள்ள மருத்துவர்கள் முதல் இரண்டு எழுத்துகளைத் தனித்தனியாக உச்சரித்துக் காட்டுவார்கள். அப்படிச் செய்பவரின் கோப்பு வந்தால் அன்று எங்களுக்குத் திருவிழா. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒன்று ஐந்து என்று பிரித்தும் சொல்கிற மருத்துவரை நாங்கள் முகம் தெரியாமலே நேசித்தோம்.

தெளிவில்லாத சொல்லோடு என்ன செய்வோம்? பத்து முறை கேட்போம். வேகத்தைக் குறைத்துக் கேட்போம். அதே மருத்துவரின் பழைய அறிக்கைகளை எடுத்து, அவர் எந்தச் சொல்லை எப்படி விழுங்குகிறவர் என்று பார்ப்போம். ஒவ்வொருவருக்கும் ஒரு விழுங்கல் பாணி உண்டு. அறிக்கையில் அந்தச் சொல் எந்தப் பகுதியில் நிற்கிறது என்று பார்ப்போம். ஒவ்வாமைப் பட்டியலில் வருவதும் மருந்துப் பட்டியலில் வருவதும் ஒன்றல்ல. மருந்தென்றால், கேட்ட அளவில் அந்த மாத்திரை விற்கப்படுகிறதா என்று மருந்து நூலைப் புரட்டுவோம். பிறகு பக்கத்து இருக்கைக்காரியின் தோளைத் தட்டி, "ஒரு காது குடேன்" என்போம். அவளிடம் நமக்கு என்ன கேட்டது என்று சொல்லக் கூடாது. சொன்னால் அவளுக்கும் அதுதான் கேட்கும். இந்த விதியை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்டோம். எந்தப் பல்கலைக்கழகத்தின் சுவடியியல் வகுப்பிலும் இதைத் தைரியமாக வைக்கலாம்.

இத்தனைக்கும் பிறகும் சொல் அகப்படவில்லை என்றால்? ஒரு கோடு. அலுவலக மொழியில் பிளாங்க். கோட்டின் பக்கத்தில் ஒரு குறிப்பு: இந்த நிமிடத்தில், இந்த நொடியில், ஏறத்தாழ இப்படி ஒலிக்கிறது. மருத்துவர் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். பயிற்சியின் முதல் நாளில் பாடப்புத்தகம் சொல்லித்தந்தது இதைத்தான்: கேட்காததை எழுதாதே, கோடிடு. வேலையின் முதல் நாளில் எங்கள் நிறுவனம் சொல்லித்தந்தது வேறு: கோடு அதிகமானால் சம்பளம் குறையும்.

2003ஆம் ஆண்டின் ஓர் இரவைச் சொல்கிறேன். மணி மூன்றிருக்கும். ஒரு குடும்ப மருத்துவரின் கோப்பு. நோயாளிக்கு ஐம்பதைக் கடந்த வயது, இளமையிலிருந்தே வலிப்பு நோய். இப்போது வந்திருப்பது கால் நகங்கள் மஞ்சளித்துத் தடித்துப் போனதற்காக. சிகிச்சையைச் சொல்லும் இடத்தில் மருத்துவர் ஏதோ காகிதத்தைப் புரட்டுகிறார். "லாமி" என்பது வரை கேட்கிறது; மீதி சரசரப்பில் போய்விட்டது. லாமிக்டல் என்றால் வலிப்பு மருந்து. லாமிசில் என்றால் நகப் பூஞ்சை மருந்து. அமெரிக்காவிலேயே எத்தனையோ மருந்தாளர்களைத் தடுமாறவைத்த ஜோடி அது. அளவைக் கேட்டால் இருபத்தைந்தும் போலிருக்கிறது, இருநூற்றைம்பதும் போலிருக்கிறது. இருபத்தைந்தில் லாமிக்டல் மாத்திரை உண்டு, இருநூற்றைம்பதில் லாமிசில் மாத்திரை உண்டு. இரண்டு வாசிப்பும் தத்தம் அளவில் பழுதற்றவை. அவருடைய பழைய கோப்புகளைத் தேடினேன், இல்லை. இரண்டு காதுகள் கடன் வாங்கினேன். ஒன்று அது என்றது, மற்றது இது என்றது. கோடிட்டேன்.

எங்கள் எடிட்டர் சார் வந்து நின்றார். கெட்டவரல்ல, அவருக்கு மேலே ஒருவர், அந்த ஒருவருக்கு மேலே ஒருவர்.

"ஏம்மா, நகம் நகம்னு கத்தறாரே. லாமிசில்தானே? போட்டு அனுப்பு."

"எனக்குக் காதுல விழலை சார்."

"காதுல விழறதை மட்டும் டைப் பண்ண மெஷின் போதும். உனக்கு எதுக்கு சம்பளம்?"

அவரே கோட்டை அழித்துச் சொல்லை நிரப்பினார். அந்த மாதம் என் கணக்கில் கோடுகள் அளவு மீறியதாகப் பிடித்தம் வந்தது. அவர் நிரப்பிய சொல் சரியாகவே இருந்திருக்கலாம். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். பெரும்பாலும் என்ற சொல்லைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. வலிப்புக்காரருக்கு வலிப்பு மருந்தை எழுத வந்த இடத்தில் பூஞ்சை மருந்தை எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதை வாசகரே யோசித்துக்கொள்ளலாம். எனக்கு விடை தெரியாது. அந்த நோயாளியின் பெயர்கூட நினைவில்லை. நினைவிருந்தாலும் சொல்லக் கூடாது.

இங்கேதான் நான் உ.வே.சா.வை அழைக்க வேண்டியிருக்கிறது. ஒப்பீடு மிகை என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் வேற்றுமை தெரியாது. காலா ரகரமா என்று கண் குழம்பும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. இது போதாதென்று செல்லரிப்பு. அவர் என்ன செய்தார்? பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். சீவக சிந்தாமணியில் சமண மரபு புரியாதபோது கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டார். மணிமேகலையில் பௌத்தக் கருத்துகள் புரியாதபோது மளூர் ரங்காசாரியரிடம் கேட்டார். கேட்டும் கிடைக்காத இடத்தில் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். சிதைந்த இடத்தைச் சிதைந்தபடி காட்டினார். 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் அடிகள் அற்றுப்போன இடங்கள் அற்றுப்போனவையாகவே நிற்கின்றன. 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அத்தனை சங்கப் பாட்டில் தோய்ந்தவருக்கு இரண்டு புறப்பாட்டு எழுதிச் செருகுவது பெரிய காரியமா? செய்யவில்லை. அதனால்தான் அவர் கொடுத்த மீதியை நம்புகிறோம்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்துக் கண்கலங்கும் இலக்கிய வாசகருக்கு, ஹெட்போன் மாட்டிய பெண் இட்ட கோட்டைப் பார்த்தால் ஏன் சிரிப்பு வருகிறது? ஒன்று செவ்விலக்கியம், மற்றது நகப்பூஞ்சை என்பதாலா? உயிர் எதில் ஊசலாடுகிறது என்று பார்த்தால் நகப்பூஞ்சைதான் அவசரம்.

வேறுபாடு ஒன்று உண்டு, அது எங்களுக்குப் பாதகமானது. உ.வே.சா.வுக்குச் சமணர்களின் வீடு வரை நடக்க முடிந்தது. எங்களுக்கு மருத்துவரைக் கேட்க வழியில்லை. அவருக்கும் எங்களுக்கும் இடையே ஒப்பந்தக்காரர், உள்ஒப்பந்தக்காரர், அவருக்கும் உள்ளே ஒருவர் என்று அடுக்கு. 2003 அக்டோபரில் கராச்சியிலிருந்து ஒரு பெண், பாக்கிக் கூலி தராவிட்டால் நோயாளிக் குறிப்புகளை இணையத்தில் போட்டுவிடுவேன் என்று சான்பிரான்சிஸ்கோவின் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு மின்னஞ்சல் எழுதினார். தங்கள் கோப்புகள் கைமாறிக் கைமாறிக் கராச்சி வரை போவது அம்மருத்துவமனைக்கே அப்போதுதான் தெரியவந்தது. அந்தப் பெண் செய்தது தவறு. ஆனால் தன்னைக் கேட்டு எழுதும் காது எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பதை மருத்துவர் அறியாத ஓர் ஏற்பாட்டில், அந்தக் காது அவரை ஒரு கேள்வி கேட்க இருந்த ஒரே வழி அந்தக் கோடுதான். கோட்டுக்கு அபராதம் என்றால் கேள்விக்கு அபராதம்.

அந்த அபராதத்தின் கணக்கும் விசித்திரமானது. கோடு கண்ணுக்குத் தெரியும், எண்ணலாம், பிடித்தம் செய்யலாம். தவறான ஊகம் கண்ணுக்குத் தெரியாது. எழுத்துப்பிழையின்றி, இலக்கணப் பிழையின்றி, மற்ற சொற்களோடு ஒரே வரிசையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். தொண்ணூற்றெட்டு விழுக்காடு துல்லியம் என்று சான்றிதழும் வாங்கும். தெரியாது என்பவளுக்குச் சம்பள வெட்டு, தெரிந்ததுபோல் எழுதியவளுக்கு ஊக்கத்தொகை. இதை அறிவிலித்தனம் என்பதா, அயோக்கியத்தனம் என்பதா?

மருத்துவர்தான் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறாரே என்று கேட்கலாம். சில அறிக்கைகளின் அடியில் ஒரு வாசகம் இருக்கும்: சொல்லப்பட்டது, படித்துப் பார்க்கப்படவில்லை. நானே தட்டச்சு செய்திருக்கிறேன். முதல் முறை அதைக் கேட்டபோது கேலி என்று நினைத்தேன்.

2008இல் அலபாமா மாநிலத்தில் ஒரு பெண்மணிக்கு 8 யூனிட் இன்சுலின் தரவேண்டிய இடத்தில் 80 யூனிட் தரப்பட்டது. அவர் இறந்தார். மருத்துவமனையிலிருந்து அவரை அனுப்பும்போது சொல்லப்பட்ட குறிப்பு இந்தியாவில் எழுத்தாக்கப்பட்டிருந்தது. பிழை அங்கே நேர்ந்தது. 2012 டிசம்பரில் ஜூரி 14 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. எட்டு எப்படி எண்பதாயிற்று என்று நான் ஊகிக்க மாட்டேன். அந்த ஒலியை நான் கேட்கவில்லை. யூனிட் என்பதன் சுருக்கமாகக் கையால் எழுதும் ஒற்றை எழுத்து சுழியமாகப் படிக்கப்பட்டுவிடும் என்பதால், 2004இலேயே அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் அந்தச் சுருக்கத்தைத் தடைசெய்திருந்தது. எழுத்தின் குழப்பத்துக்குத் தடைப்பட்டியல் போட முடிந்தது. வாயின் குழப்பத்துக்கு அப்படி யாரும் போட முடியாது. அங்கே சந்தேகப்படும் ஒரு காதுதான் வேண்டும். எண்பது யூனிட் என்று விரல் ஓடும்போது நின்று, இவ்வளவா என்று திகைத்து, கோடிடத் துணியும் ஒருவர். அந்தத் துணிவை வரிக்கு இத்தனை காசு என்று அறுத்தெடுத்துவிட்டு, பிழை நேர்ந்தபின் இந்தியக் காது சரியில்லை என்று எழுதினார்கள். காதில் கோளாறில்லை ஐயா. கோடிட்ட கையைத்தான் ஒடித்துவைத்திருந்தீர்கள்.

எனக்கு மாற்றாக ஒரு கட்சி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோடு சோம்பேறியின் அடைக்கலம் என்பார்கள். உண்மை. இரண்டு முறை கேட்டுவிட்டுக் கோடிட்டு எழுந்து டீ குடிக்கப் போனவர்களை எனக்குத் தெரியும். கோடுகளால் சல்லடையான அறிக்கை மருத்துவருக்குப் பயன்படாது. ஆனால் உழைத்து இட்ட கோட்டையும் உழைக்காமல் இட்ட கோட்டையும் பிரித்தறிய, அந்த ஒலியை இன்னொருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குச் சம்பளம் தரவேண்டும். எண்ணுவது மலிவு. அதனால் எண்ணினார்கள்.

நிற்க. எடிட்டர் சார் அன்று சொன்ன அந்த மெஷின் பிறகு வந்தேவிட்டது. பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள்கள் முதலில் எங்களைப் பிழைதிருத்துவோராக்கின. இப்போது மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்வதை அறையிலிருந்தே கேட்டு அறிக்கை தயாரிக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. களைப்பு, கொட்டாவி, இரவு வேலை ஏதும் இல்லாத காது. நான் இயந்திர விரோதி அல்ல. என் காதின் ரீங்காரம் இன்னொருத்திக்கு வராமல் போனால் மகிழ்ச்சிதான். ஆனால் விஸ்பர் என்ற அத்தகைய மென்பொருளை ஆராய்ந்தவர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. ஏறத்தாழ நூற்றில் ஒரு பதிவில் அது யாரும் பேசாத சொற்றொடர்களை, முழு வாக்கியங்களைக்கூடத் தானே எழுதியிருந்தது. பேச்சில் மௌனம் நீளும்போது இது கூடுதலாக நேர்ந்தது. பேச்சுத்திறன் குலைந்தவர்கள், சொல்லைத் தேடித் தேடிப் பேசுகிறவர்கள், அவர்கள் தேடும் நேரத்தில் இயந்திரம் தானே ஒன்றைச் சொல்லிவிடுகிறது. மௌனத்தைக் கேட்டதும் நிரப்புகிறது. எங்கள் எடிட்டர் சாராவது கேட்ட அரைச் சொல்லை முழுச் சொல்லாக்கினார்.

அதே ஆண்டு அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் இன்னொரு செய்தி வெளியிட்டது. அந்த மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட ஒரு மருத்துவக் கருவி, அறிக்கை தயாரானதும் மூல ஒலிப்பதிவை அழித்துவிடுகிறதாம். தரவுப் பாதுகாப்பு காரணமாம். பதிப்பு அச்சானதும் ஏட்டை அடுப்பில் போடுவதை யாராவது பாதுகாப்பு என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

அந்த எழுத்தாளரிடம் கூட்டம் முடிந்ததும் பேசலாமென்று போனேன். அவரைச் சுற்றிக் கூட்டம். பேசவில்லை. வீட்டுக்கு வந்து என் பழைய பக்கத்து இருக்கைக்காரியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் இன்னமும் இத்துறையில்தான் இருக்கிறாள். இப்போது வீட்டிலிருந்தே, இயந்திரம் எழுதியதைத் திருத்துகிறாள். வரிக்கு முன்பு கிடைத்ததில் பாதிகூட இல்லை என்றாள். கோடு போட முடிகிறதா என்று கேட்டேன். முடியும், ஆனால் இயந்திரம் நிரப்பியிருக்கும் சொல்லை முதலில் அழிக்க வேண்டும், எதற்காக அழித்தாய் என்று ஒரு பெட்டி திறந்து காரணம் கேட்கும் என்றாள்.

"என்ன எழுதுவே?"

"காதுல விழலைன்னு எழுதுவேன். நீ எழுதினதுதான்" என்றாள். பிறகு, ஒரு கோப்பு நேரமாகிறது, வைக்கிறேன் என்றாள்.